உப்பிட்டவர் யார்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். ஒரு கைச்சோறு போட்டவரைக்கூட மறக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே ஊட்டப்படும் பாடம். அப்படியிருக்க, ஒரு நகரத்துக்குப் பள்ளிக்கூடம் அமைத்துக் கொடுத்தவர், ஏழை முதியோர் ஒண்ட இல்லம் கட்டியவர், தேவாலயங்களுக்கு வாரி வழங்கியவர் ஒருவருடைய சிலையை, அந்த ஊர் மக்களே கயிறு கட்டி இழுத்துச் சாய்த்து, தெருவிலே உருட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளினார்கள் என்று கேள்விப்பட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்?

"நன்றி கெட்ட உலகம்" என்றுதான் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள், வாசகர்களே. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். இது நடந்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிலையாக நின்றவரின் பெயர் எட்வர்ட் கோல்ஸ்டன்.

வள்ளலின் வரவுக் கணக்கு

கோல்ஸ்டன் 1636ஆம் ஆண்டு பிரிஸ்டலில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். துணி, பழம், மது வகைகள் என்று ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளோடு வாணிபம் செய்த குடும்பம் அது. அவர் 1691இல் பிரிஸ்டலில் முதியோர் இல்லம் கட்டினார். 1710இல் நூறு ஏழைச் சிறுவர்கள் தங்கிப் படிக்கப் பள்ளிக்கூடம் அமைத்தார். அதே ஆண்டில் பிரிஸ்டலின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1721இல் காலமானார்.

இது செலவுக் கணக்கு. வரவுக் கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா?

லண்டனில் 'ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி' என்று ஒரு கம்பெனி இருந்தது. பிற்பாடு இங்கிலாந்தின் அரசரான இரண்டாம் ஜேம்ஸ்தான் அதற்குத் தலைவர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றி, அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் புகையிலைத் தோட்டங்களுக்கும் விற்பது அதன் தொழில்களில் ஒன்று. கோல்ஸ்டன் 1680இல் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். 1689இல் அதன் துணைத் தலைவராகவும் உயர்ந்தார். 1692இல் விலகினார்.

அவர் அதில் இருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மட்டும் கம்பெனியின் கப்பல்கள் ஏறக்குறைய 84,000 ஆப்பிரிக்கர்களை ஏற்றிச் சென்றன என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் அதில் அடக்கம். அவர்களில் ஏறக்குறைய 19,000 பேர் நடுக்கடலிலேயே மாண்டார்கள். ஒன்பது பேர் ஏறினால் இரண்டு பேர் கரை சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்தவர்களைக் கடலில் வீசினார்கள். கம்பெனியின் எழுத்துகளைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அடிமைகளின் நெஞ்சில் சுட்டார்கள். மாட்டுக்குக் குறி வைப்பது போல மனிதருக்குக் குறி!

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு: "பசுவைக் கொன்று செருப்புத் தானம் செய்தது போல." அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமா? அந்தச் செருப்புத் தானத்திலும் பாகுபாடு இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவருடைய பள்ளிக்கூடத்தில் இடமில்லை.

செத்து 174 ஆண்டுக்குப் பிறகு ஒரு சிலை

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோல்ஸ்டன் உயிரோடு இருந்த காலத்தில் யாரும் அவருக்கு அந்தச் சிலையை வைக்கவில்லை. அவர் செத்த துக்கத்திலும் வைக்கவில்லை. சிலை திறக்கப்பட்டது 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அதாவது அவர் இறந்து 174 ஆண்டுகள் கழித்து.

அடிமை வாணிபத்தை இங்கிலாந்து 1807லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833இல் நிறைவேற்றியது. ஆக, அடிமை முறை பாவம் என்று நாடே ஒப்புக்கொண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் இந்தச் சிலை எழுந்தது. அதன் அடியில் பொறித்த வாசகத்தின் பொருள் என்ன தெரியுமா? நகரத்தின் மிக நல்லொழுக்கமும் அறிவும் வாய்ந்த மைந்தர்களில் ஒருவருக்கு நகர மக்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் என்பதுதான். அடிமைகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது.

ஏன் அப்போது வைத்தார்கள்? பிரிஸ்டலில் அது தொழிலாளர் கொந்தளிப்பின் காலம். 1892ஆம் ஆண்டின் கடைசியில் வேலைநிறுத்தக்காரர்களின் ஊர்வலத்தைக் குதிரைப்படையை விட்டுக் கலைத்த ஊர் அது. அந்த நேரத்தில், "பணக்காரர்கள் ஏழைகளுக்கு எவ்வளவு செய்திருக்கிறார்கள் பாருங்கள்" என்று காட்ட ஒரு வள்ளல் தேவைப்பட்டார் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பணம் திரட்டியபோது போதிய நன்கொடை சேரவில்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். நகர மக்கள் எழுப்பியது என்று கல்லில் எழுதினார்கள். உண்மையில் ஓடியாடி எழுப்பியவர்கள் சில வணிகர்கள்.

அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கோல்ஸ்டன் நாள் கொண்டாடினார்கள். அவர் பெயரால் இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள். ரொட்டி தின்ற பிள்ளைக்கு, அந்தச் சர்க்கரை யார் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மனு போட்டார்கள், மன்றாடினார்கள்

சிலையைத் தள்ளியவர்கள் ஒரே நாளில் ஆத்திரப்பட்டுத் தள்ளினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1920லேயே ஒரு பாதிரியார் கோல்ஸ்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதி, அவருடைய அடிமை வாணிபத் தொடர்பை வெளிக்கொணர்ந்தார். 1990களில் சிலையை எடுக்க வேண்டும் என்ற குரல் ஓங்கியது. அடிமைகளின் வழி வந்த கறுப்பின மக்கள் பலர் அந்த ஊரில் வாழ்கிறார்கள். தங்கள் பாட்டன் முப்பாட்டனை விற்றவருடைய சிலையைத் தாண்டித்தான் அவர்கள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

"சரி, சிலையை எடுக்க வேண்டாம். இவர் அடிமை வியாபாரியும்கூட என்று பக்கத்தில் ஒரு பலகையாவது வையுங்கள்" என்று கேட்டார்கள். 2018இல் அதற்கு நகராட்சி முன்வந்தது. ஆனால், எந்தச் சொல்லைப் போடுவது, எதை எடுப்பது என்று இழுபறி. எழுதிய வாசகம் திருத்தத் திருத்த நீர்த்துப் போயிற்று. கடைசியில் 2019இல், "இந்த வாசகம் போதாது" என்று மேயரே அதை நிறுத்தி வைத்தார். உண்மையைச் சொல்லும் ஒரு பலகைக்குக்கூட இடம் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் 2020 மே 25ஆம் நாள் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலின் கீழ் மூச்சுத் திணறி இறந்தார். உலகெங்கும் ஊர்வலங்கள் கிளம்பின. பிரிஸ்டலில் ஏறக்குறைய 10,000 பேர் திரண்டார்கள். ஊர்வலம் சென்ற வழியில் கோல்ஸ்டன் நின்றார். கயிறு விழுந்தது, சிலையும் விழுந்தது. உருட்டிக்கொண்டு போய் அதைத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள்.

அதைத் தள்ளிய இடத்துக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கான பாலம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பெரோ பாலம். பெரோ என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள நெவிசில், பன்னிரண்டு வயதில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைச் சிறுவர். எசமானருக்கு ஏவல் செய்யப் பிரிஸ்டலுக்குக் கொண்டுவரப்பட்டவர். 1999இல் கட்டிய பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருந்தார்கள். வாங்கப்பட்டவர் பெயர் பாலத்தில். விற்றவர் சிலை அதன் பக்கத்துத் தண்ணீரில்!

மறுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சிலையைத் தள்ளியது சரியில்லை என்றவர்களும் உண்டு. அவர்கள் எல்லாரையும் அடிமை முறைக்கு ஆதரவாளர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் கேட்ட கேள்விகளை நாமும் கேட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: "சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துபோகாதா?" இதற்கு நடந்ததே பதில். 125 ஆண்டுகள் சிலை நின்றது. அவ்வளவு காலமும் அந்த வழியாகப் போனவர்களில் எத்தனை பேருக்கு 84,000 என்ற எண் தெரியும்? சிலை விழுந்த ஒரே வாரத்தில் உலகமே தெரிந்துகொண்டது. வரலாறு இருக்கும் இடம் புத்தகமும் பள்ளிக்கூடமும் அரும்பொருளகமும். நடுத்தெருவில் உயரமான பீடத்தில் வைப்பது மரியாதை. மாலை போடுவதற்கும் பாடம் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு அல்லவா?

இரண்டாம் கேள்வி: "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே இருந்தார்கள்?" எல்லாரும் என்று சொல்லும்போது அடிமைகளைச் சேர்க்காமல் சொல்கிறோம். நெஞ்சில் சூடு பட்டவனிடம் கேட்டிருந்தால் அவன் அந்தக் காலத்திலேயே பதில் சொல்லியிருப்பான். வெள்ளையர்களிலும் மனச்சாட்சி உள்ளவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் என்னும் ஊரில் நான்கு பேர் அடிமை முறை தவறு என்று கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தது 1688ஆம் ஆண்டில். கோல்ஸ்டன் கம்பெனியில் இருந்த அதே காலம்!

மூன்றாம் கேள்வி: "அவர் காசில் படித்து முன்னேறிய பிள்ளைகள் நன்றி மறக்கலாமா?" மறக்க வேண்டாம். ஆனால் நன்றியை யாருக்குச் சொல்வது? காசு அவர் பையிலிருந்து வந்தது; அந்தப் பைக்குள் அது எப்படி வந்தது? மனிதரை விற்ற கம்பெனியின் லாபத்தில் அவருக்கும் பங்கு உண்டு. விற்கப்பட்டவர்களும் பிரிஸ்டல் பிள்ளைகளுக்கு உப்பிட்டவர்கள்தான். அவர்களில் ஒருவருக்காவது அந்த நகர நடுவில் ஒரு கல் நட்டார்களா?

நான்காம் கேள்விதான் கனமானது: "கூட்டம் கூடி, கயிறு கட்டி இழுப்பது நியாயமா? நாளைக்கு வேறொரு கூட்டம் வேறொன்றை இழுக்காதா?" இந்த அச்சத்தை நாம் தள்ளிவிட முடியாது. கும்பலின் கோபம் இன்றைக்கு நியாயத்தின் பக்கம் இருக்கும், நாளைக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்போது பிரிஸ்டலின் மேயராக இருந்தவர் மார்வின் ரீஸ். அவருடைய தந்தை ஜமைக்காக்காரர். பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவதை மேயர் என்ற முறையில் தாம் ஆதரிக்க முடியாது என்றும், ஆனால் அந்தச் சிலை தமக்கு ஓர் அவமதிப்பாகவே இருந்தது என்றும் அவர் இரண்டையும் சேர்த்தே சொன்னார். சிலையைத் தள்ளியது தொடர்பாக நான்கு பேர் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2022 ஜனவரி 5ஆம் நாள் நீதிமன்ற நடுவர் குழு அவர்களை விடுதலை செய்தது.

கும்பல் இழுப்பதை விரும்பாதவர்கள், அதற்கு முன்பே மனுவைக் கையில் வாங்கிப் படித்திருக்க வேண்டும் என்பதே இதில் நாம் காணும் பாடம். கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தவன்தான் கடைசியில் அதை உடைக்கிறான்.

முறையோடு இறக்கியவர்கள்

கயிறும் கூச்சலும் இல்லாமல் சிலையை இறக்க முடியாதா? முடியும். அதே ஆண்டு, அதே அடிமைக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த பார்படோஸ் தீவில் இது நடந்தது.

பார்படோஸ் தலைநகரில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு 1813 முதல் ஒரு சிலை இருந்தது. நெல்சன் தோட்ட முதலாளிகளுக்கு வேண்டியவர். அடிமை வாணிபத்தை ஒழிக்கக் கூடாது என்ற பக்கம் நின்றவர். அந்தத் தீவின் மக்களில் பெரும்பாலோர் அடிமைகளின் வழிவந்தவர்கள். பல ஆண்டுகள் பேசி, வாதாடி, கடைசியில் அரசாங்கமே முடிவெடுத்தது. 2020 நவம்பர் 16ஆம் நாள், பொதுமக்கள் முன்னிலையில், முறையாகச் சிலையை இறக்கி அரும்பொருளகத்துக்கு அனுப்பினார்கள். லண்டனில் அதே நெல்சன் இன்னும் உயரமான தூணின் மேல்தான் நிற்கிறார். ஒவ்வோர் ஊரும் தன் கணக்கைத் தானே பார்த்து முடிவு செய்யட்டும்.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. அடிமை வாணிபத்தோடு தொடர்பில்லாத கதைதான் என்றாலும், இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கத் தக்கது. சென்னை மவுண்ட் ரோட்டில் கர்னல் நீல் என்பவனின் சிலை இருந்தது. 1857 கிளர்ச்சியின்போது வடநாட்டில் கண்மூடித்தனமாக மக்களைக் கொன்று குவித்தவன் அவன். 1927இல் தொண்டர்கள் அந்தச் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1937இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் சிலையை எடுத்துச் சென்னை அரும்பொருளகத்தில் வைத்துவிட்டார்கள். அதனால் 1857ஆம் ஆண்டின் வரலாறு அழிந்துபோகவில்லையே!

சிலைக்குள் இருந்த காகிதம்

தண்ணீரில் தள்ளிய கோல்ஸ்டன் என்ன ஆனார்? நான்கு நாள் கழித்து நகராட்சி சிலையை வெளியே எடுத்தது. சேற்றைக் கழுவினார்கள். கழுவும்போது உள்ளேயிருந்து 1895ஆம் ஆண்டின் பழைய சஞ்சிகை ஒன்று சுருட்டியபடி கிடைத்தது. காய வைத்துப் பிரித்துப் பார்த்தால், அதில் சிலையைப் பொருத்திய தொழிலாளர்கள் தங்கள் பெயர்களைக் கையால் எழுதி, தேதியும் போட்டு வைத்திருந்தார்கள்!

வாசகர்களே, இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பீடத்தின் மேல் வள்ளலின் பெயர். கல்லிலே வணிகர்களின் புகழுரை. வேர்வை சிந்திச் சிலையைத் தூக்கி நிறுத்தியவர்கள் தங்கள் பெயரை எழுதக் கிடைத்த இடம் சிலையின் வயிற்றுக்குள்ளே, யாரும் பார்க்க முடியாத இருட்டிலே. "நாங்களும் இருந்தோம்" என்று சொல்ல அவர்களுக்கும் ஆசை இருந்திருக்கிறது. 125 ஆண்டுகள் கழித்துத்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

பிறகு, சிலையை என்ன செய்யலாம் என்று மக்களிடமே கேட்டார்கள். ஏறக்குறைய 14,000 பேர் கருத்துச் சொன்னார்கள். பிரிஸ்டல்வாசிகளில் ஐந்தில் நான்கு பேர் அதை அரும்பொருளகத்தில் வைக்கலாம் என்றார்கள். அவ்வாறே 'எம் ஷெட்' என்னும் நகர அரும்பொருளகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். நிற்க வைக்கவில்லை, படுக்க வைத்திருக்கிறார்கள். ஊர்வலத்தார் பூசிய சாயத்தையும் துடைக்கவில்லை. 1895இல் ஏன் வைத்தார்கள், 2020இல் ஏன் தள்ளினார்கள் என்று இரண்டு கதையும் அங்கே சொல்லப்படுகிறது. கோல்ஸ்டன் பெயரில் இருந்த இசை மண்டபமும் பள்ளிகளும் பெயரை மாற்றிக்கொண்டன.

நமக்கு இதில் என்ன?

"எங்கேயோ சீமையில் நடந்த கதை. பால் மரத்தையும் செம்பனையையும் நம்பிப் பிழைத்த நமக்கு இதில் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

இங்கிலாந்து அடிமை முறையை ஒழித்தபோது நட்ட ஈடு கொடுத்தது. யாருக்குத் தெரியுமா? அடிமைகளுக்கு அல்ல; அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! இரண்டு கோடி பவுன். அதற்காக வாங்கிய கடன் 2015ஆம் ஆண்டில்தான் முழுவதும் தீர்ந்தது. கறுப்பின மக்களும் நம்மவர்களும் இங்கிலாந்தில் கட்டிய வரிப்பணமும் அந்தக் கடனுக்குப் போயிருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை.

அந்த நட்ட ஈட்டில் பெரும் தொகை பெற்றவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார். 2,500க்கு மேற்பட்ட அடிமைகளுக்காக அவருக்கு ஒரு லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. தென் அமெரிக்காவில் இன்று கயானா என்று வழங்கும் நாட்டில் அவருக்குக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அடிமைகள் விடுதலையாகிவிட்டால் தோட்டத்தில் யார் வேலை செய்வது? 1836இல் கல்கத்தாவில் இருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். 1838இல் இரண்டு கப்பல்களில் இந்தியத் தொழிலாளர்கள் கயானாவில் போய் இறங்கினார்கள். பின்னர் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்களும் அந்தத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

அடிமைக் கப்பல் நின்ற இடத்தில் ஒப்பந்தக் கப்பல் கிளம்பியது. அந்த ஒப்பந்த முறைதான் மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர்களைக் கொண்டுவந்தது; 1910இல்தான் மலாயாவில் அது ஒழிந்தது. அதற்குப் பிறகும் கங்காணி வழியாக ஆள் கட்டும் முறை நீடித்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடிமை முறையும் ஒப்பந்தக் கூலி முறையும் ஒன்றல்ல. ஒப்பந்தத்துக்குக் கெடு இருந்தது, கூலி இருந்தது, பெற்ற பிள்ளையைப் பிடுங்கி ஏலத்தில் விற்கவில்லை. நெஞ்சில் இரும்பால் சுட்டு விற்கப்பட்டவர்களின் துயரத்தை நம் துயரத்தோடு சமமாக வைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வந்தது என்பது உண்மை. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிளாட்ஸ்டனின் வழித்தோன்றல்கள் கயானாவுக்கே போய், அடிமை முறைக்காகவும் ஒப்பந்தக் கூலி முறைக்காகவும் மன்னிப்புக் கேட்டார்கள். 185 ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு என்றாலும், கேட்டார்களே!

வள்ளல்களுக்கு வாழ்த்துப் பாடும் பழக்கம் நம்மிடமும் உண்டு. தோட்டத்துக் கோயிலுக்குத் துரை தகரம் வாங்கிக் கொடுத்தால் அவர் பெயரைப் பலகையில் எழுதுவோம். திருவிழாவில் முதல் மாலை அவருக்குத்தான். கொடுத்தவருக்கு மரியாதை செய்வதில் தவறில்லை. நல்ல மனம் படைத்த நிர்வாகிகளும் இருந்தார்கள். ஆனால் காட்டை அழித்தவர் யார்? கொசுக்கடியிலும் மலைக்காய்ச்சலிலும் மடிந்தவர் யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஈரம் காயாத மரத்தில் உளி பிடித்தவர் யார்? தகரம் வாங்கிய காசு அந்தப் பாலிலிருந்து வந்ததுதானே? அவர்களுடைய பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது?

இனிச் செய்ய வேண்டியது

ஆகவே, அடிமை வாணிபத்தோடு தொடர்புள்ளவர்களின் சிலைகளை எடுக்கலாமா என்று கேட்டால், நம் பதில் இதுதான். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவரை எதற்காகப் போற்றுகிறோம்? அந்தப் புகழுக்கான காசு எங்கிருந்து வந்தது? சிலையை யார், எந்தக் காலத்தில், எதற்காக வைத்தார்கள்? கோல்ஸ்டனைப் போல, கொடையின் பெயரால் போற்றி, அந்தக் கொடையின் காசு மனிதரை விற்றதில் கலந்திருந்தால், அவருக்குப் பீடத்தில் இடமில்லை; அரும்பொருளகத்தில் இடமுண்டு. சட்டப்படி, பேசி, மக்களைக் கேட்டு எடுக்க வேண்டும். கேட்கிறவர்களை முப்பது ஆண்டுகள் காக்க வைக்கவும் கூடாது.

சிலையை எடுத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்றும் எண்ணக் கூடாது. வெண்கலம் விழுந்தால் யாருக்கும் கூலி உயர்ந்துவிடாது. கடலில் வீசப்பட்டவர்கள் திரும்பி வர மாட்டார்கள். காலியான இடத்தில் யாரை நினைக்கப் போகிறோம் என்பதே பெரிய கேள்வி. பார்படோஸ் மக்கள் நெல்சனை இறக்குவதற்கு முன்பே, 1985இல், விலங்கை உடைத்து நிற்கும் ஓர் அடிமையின் சிலையை எழுப்பிவிட்டார்கள். 1816இல் அங்கே நடந்த அடிமைக் கிளர்ச்சியின் தலைவரான பஸ்ஸாவின் பெயரால் மக்கள் அதை அழைக்கிறார்கள்.

நமக்குச் சிலை வைக்க வசதி இல்லாமல் இருக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க வசதி இருக்கிறதே! உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, உடன் வந்தவர் யார், வழியில் இறந்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். பெயரை முழுதாக எழுதுங்கள். பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. செக்ரோலில் பேராக இருந்தவர்கள் யார் நினைவிலும் இல்லாமல் போய்விடக் கூடாது. அடுத்த முறை உங்கள் பள்ளிக்கோ கோயிலுக்கோ நன்கொடையாளர் பலகை மாட்டும்போது, அந்த மண்ணில் முதன்முதலில் உழைத்தவர்களின் பெயர்களுக்கும் ஒரு வரி கேளுங்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கத்தான் வேண்டும். உப்பிட்டவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுங்கள்.